மூளைக்குள் செலுத்தும் மரபணுச் சிகிச்சை: ஹட்டன் வாசகருக்குப் பதில்

கேள்வி: ஹட்டனுக்கு அடுத்த ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். என் அண்ணன் மகளுக்கு இப்போது 2 வயதும் 4 மாதமும். கழுத்து இன்னும் நிற்கவில்லை. இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை கண் மேலே செருகி, உடம்பை முறுக்கிக்கொண்டு மணிக்கணக்காகக் கிடப்பாள். வலிப்பு என்று சொல்லி ஒரு வருடத்துக்கு மேல் மருந்து கொடுத்தோம், குறையவில்லை. போன மாதம் வந்த மரபணுப் பரிசோதனை முடிவில் 'ஏஏடிசி குறைபாடு' என்று இருக்கிறது. இதற்கு மூளைக்குள் வைரஸைச் செலுத்தும் சிகிச்சை வெளிநாட்டில் இருப்பதாக டொக்டர் சொன்னார். வைரஸ் என்றதும் அண்ணி பயந்துவிட்டார். வீட்டில் மற்றப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இதற்கிடையில் கோத்தகிரியிலுள்ள எங்கள் உறவினர் ஒருவர், மண்டையில் துளை போடாமல் கை நாளத்திலேயே 'ஜீன் ஊசி' ஏற்றும் இடம் ஒன்று இருக்கிறது, 18 இலட்சம் இந்திய ரூபாய் ஆகும் என்கிறார். அண்ணன் ஈபிஎஃப் பணத்தை எடுத்து, நகையையும் அடகு வைக்கலாம் என்று நிற்கிறார். என்ன செய்வது? பிள்ளை நடப்பாளா? அண்ணனும் அண்ணியும் சொந்த அத்தை மகன், மாமன் மகள். அடுத்த பிள்ளைக்கும் இது வருமா?

பதில்: அந்த ஊசிக்கு ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம் என்று அண்ணனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். காசு வீணாகும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. அது புரிய வேண்டுமானால், இந்தச் சிகிச்சையில் மூளைக்குள் போவது என்ன, எந்த இடத்துக்குப் போகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

ஏஏடிசி என்பது ஒரு நொதியம். அதை உண்டாக்கும் மரபணுவின் பெயர் டிடிசி. 7ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. மூளையில் லெவோடோபா என்ற மூலப்பொருளை, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைனாக மாற்றுவது இந்த நொதியம்தான். செய்தி கடத்தும் மற்றொரு பொருளான செரோட்டோனின் உருவாவதும் இதனால்தான். இது வேலை செய்யாவிட்டால் இரண்டுமே கிடைக்காது. டோபமைன் இல்லாததால் உடம்பு துணி மாதிரித் துவளும், கழுத்து நிற்காது, கண் மேலே செருகும். நீங்கள் எழுதியிருக்கும் அந்த மணிக்கணக்கான முறுக்கல் வலிப்பு அல்ல. அந்த நேரத்தில் பிள்ளைக்கு நினைவு இருக்கும், மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜி எடுத்தால் பெரும்பாலும் சாதாரணமாகவே வரும், நன்றாகத் தூங்கி எழுந்தால் தணிந்திருக்கும். வலிப்பு மருந்துக்கு அது அசையாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். 1990இல்தான் இந்த நோயே முதன்முதலில் விவரிக்கப்பட்டது. எங்கும் அரிதான நோய் என்பதால் பல நாடுகளிலும் இப்படியான பிள்ளைகளுக்கு வலிப்பு என்றோ மூளை முடக்குவாதம் என்றோ பெயர் எழுதி வருடங்கள் போயிருக்கின்றன. உங்கள் வீட்டில் 2 வயதிலேயே சரியான பெயர் கிடைத்திருப்பது பெரிய விஷயம்.

ஆனாலும் பெயரை உறுதிப்படுத்த வேண்டும். மரபணு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். டிடிசி மரபணுவில், தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வந்த இரண்டு பிரதியிலும் மாற்றம் இருக்கிறது என்று எழுதியிருக்க வேண்டும். உறவில் திருமணம் என்பதால் இரண்டு பிரதியிலும் ஒரே மாற்றம் இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த மாற்றத்தை 'நோய் விளைவிப்பது' என்று வகைப்படுத்தியிருக்கிறார்களா, 'முக்கியத்துவம் தெளிவில்லாதது' என்றா என்று பாருங்கள். இரண்டாவது வகையானால் அந்த அறிக்கை மட்டும் போதாது. இரத்தத்தில் நொதியத்தின் செயற்பாட்டை அளக்க வேண்டும், அல்லது முள்ளந்தண்டு நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். வடிதாளில் காயவைத்த இரத்தத் துளியில் 3-ஓஎம்டி என்ற பொருளை அளப்பது முதற்கட்டமாக உதவும். இந்த நோயில் அது ஏறியிருக்கும். காய்ந்த துளியைத் தபாலிலும் அனுப்பலாம் என்பதால் நம் போன்ற நாட்டுக்கு அது வசதி. முள்ளந்தண்டு நீர் அப்படியல்ல. முதலில் வடியும் நீரிலும் பிறகு வடியும் நீரிலும் அளவுகள் வேறுபடும். ஆகவே குழாய்களுக்கு வரிசை எண் போட்டு, எடுத்த கையோடு உறைய வைத்து, உறைந்தபடியே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இடையில் உருகினால் வரும் முடிவை நம்ப முடியாது. ஆய்வுகூடத்தோடு முன்கூட்டியே பேசி வைக்காமல் இந்தப் பரிசோதனைக்குப் பிள்ளையின் முதுகில் ஊசி போட விடாதீர்கள். அண்ணன், அண்ணி இருவரின் இரத்தத்தையும் பரிசோதித்து, ஆளுக்கொரு பிரதியில் அந்த மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவில் குடும்பத்துக்கான மரபியல் ஆலோசனை பெறலாம். உங்கள் சிறுவர் நரம்பியல் நிபுணரிடம் அதற்கான கடிதம் கேளுங்கள்.

இனி, அண்ணியின் பயத்துக்கு வருகிறேன். பயன்படுத்தும் வைரஸின் பெயர் ஏஏவி. இந்தச் சிகிச்சையில் அதன் 2ஆம் வகை. குறுக்களவு 25 நானோமீற்றர்தான். இயற்கையிலேயே அது தானாகப் பெருகத் தெரியாத வைரஸ். பெருக வேண்டுமானால் அடினோவைரஸ் போன்ற வேறொரு வைரஸும் அதே கலத்துக்குள் இருக்க வேண்டும். மனிதருக்கு இதனால் மட்டுமே வரும் நோய் என்று உறுதியாக ஒன்று அறியப்படவில்லை. பெரியவர்களில் பலருக்கு இது எப்போதோ தொற்றி, தெரியாமலே போயிருக்கும். சிகிச்சைக்காகத் தயாரிக்கும்போது வைரஸின் சொந்த மரபணுக்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறார்கள். இரண்டு முனைகளில் சிறு துண்டுகள் மட்டும் மிஞ்சும். நடுவில் நல்ல டிடிசி மரபணுவை வைக்கிறார்கள். எனவே அது மரபணுவைச் சுமந்து செல்லும் காவி மட்டும்தான். கலத்துக்குள் நுழைந்து சரக்கை இறக்கியதும் அதன் வேலை முடிகிறது. லயன் காம்பிராவில் ஒன்றாகப் படுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு இதனால் நோய் பரவாது. ஆனாலும் முன்னெச்சரிக்கையாக, சிகிச்சைக்குப் பிறகு 14 நாட்களுக்குக் கண்ணீர், மூக்குச் சளி, காயத் துணி போன்றவற்றைக் கையுறை போட்டு எடுத்து, கட்டி, தனியாக அகற்றச் சொல்வார்கள். பிள்ளை வளர்ந்த பிறகும் இரத்ததானமோ உறுப்புத் தானமோ செய்யக்கூடாது.

இந்தக் காவிக்கு ஒரு எல்லை உண்டு. சுமார் 4,700 எழுத்து நீளமுள்ள மரபுச் செய்திதான் அதற்குள் அடங்கும். டிடிசிக்கு வேண்டியது ஏறத்தாழ 1,440 எழுத்து; தாராளமாக அடங்குகிறது. ஹண்டிங்டன் என்ற மூளை நோயின் மரபணுச் செய்தி இந்த எல்லையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு, முழுதாக அடங்காது. அதோடு அந்த நோயில் தீங்கு செய்வது கெட்ட மரபணுவின் புரதமே என்பதால், புது மரபணுவைக் கொடுப்பதற்குப் பதிலாக, கெட்டதை அடக்கும் சிறு ஆர்என்ஏயை இதே மாதிரிக் காவியில் அனுப்பி ஆய்வு நடக்கிறது. மூளை நோய்களில் ஒன்றுக்கு மருந்து வந்து மற்றொன்றுக்கு வராமல் இருப்பதற்கு இந்த நீளக் கணக்கும் ஒரு காரணம்.

இப்போது சத்திரசிகிச்சை. காவியைச் செலுத்தும் இடம் பியூட்டமென். மூளையின் இரு பக்கமும் ஆழத்தில் இருக்கும், அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதி. டோபமைன் தேவைப்படுவது அங்கேதான். லெவோடோபா அந்த இடத்துக்கு வந்து சேர்கிறது, அதை மாற்றும் நொதியம்தான் இல்லை. ஆகவே பியூட்டமெனிலுள்ள கலங்களே அந்த நொதியத்தைச் செய்யக் கற்றுக்கொண்டால் போதும்.

முதலில் எம்ஆர்ஐயும் சிடியும் எடுத்து, கணினியில் ஒன்றின் மேல் ஒன்று பொருத்தி, மண்டையோட்டில் எங்கே துளை, எந்தக் கோணம், எத்தனை மில்லிமீற்றர் ஆழம் என்று வழி குறிக்கிறார்கள். வழியில் இரத்தக் குழாய் எதுவும் குறுக்கிடக் கூடாது. பிள்ளைக்கு முழு மயக்கம். தலையைச் சட்டகத்தில் அசையாமல் பொருத்துவார்கள். மண்டையோடு அந்தச் சட்டகத்தின் ஊசிகளைத் தாங்கும் அளவுக்கு முதிர்ந்திருக்க வேண்டும். ஐரோப்பிய அனுமதி 18 மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கே என்று இருப்பதற்கும், அமெரிக்க அனுமதியில் ஸ்கேனில் மண்டையோட்டின் முதிர்ச்சியைப் பார்த்த பிறகே என்று எழுதியிருப்பதற்கும் காரணம் இதுதான். உங்கள் பிள்ளை அந்த வயதைத் தாண்டிவிட்டாள்.

ஒவ்வொரு பக்கமும் இரண்டு இடம், மொத்தம் நான்கு. ஒரு இடத்துக்குப் போவது 0.08 மில்லிலீற்றர். நான்குக்கும் சேர்த்து 0.32 மில்லிலீற்றர், ஒரு தேக்கரண்டியில் பதினைந்தில் ஒரு பங்குகூட வராது. அதற்குள் 18,000 கோடி காவித் துகள்கள் இருக்கும். செலுத்தும் வேகம் நிமிடத்துக்கு 0.003 மில்லிலீற்றர், ஆகவே ஒரு இடத்துக்கு ஏறத்தாழ 27 நிமிடம் பிடிக்கும். இந்த மெதுவில்தான் முழு விஷயமும் இருக்கிறது. சரிவில் நட்ட இளம் தேயிலைக் கன்றுக்கு வாளியோடு தண்ணீரைக் கொட்டினால் அது வேருக்குப் போகாமல் மேலாகவே ஓடிவிடும் அல்லவா, அதுபோலத்தான் இதுவும். வேகமாக அழுத்தினால் மருந்து குழாயின் வெளிப்புறத்தை ஒட்டியே மேலே ஏறி, மூளையின் மேற்பரப்புக்கு வந்துவிடும். பியூட்டமெனுக்குக் கிடைக்காது. மெதுவாகத் தள்ளும்போது கலங்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய வெளிகளில் ஊறிப் பரவும். நுனி மெலிந்து படியாக அமைந்த விசேட குழாயைப் பயன்படுத்துவதும் இந்தப் பின்னோட்டத்தைத் தடுக்கத்தான். செலுத்தி முடித்ததும் உடனே உருவ மாட்டார்கள். சற்றுப் பொறுத்து, மெல்ல மெல்ல வெளியே எடுப்பார்கள்.

தவறு நடக்கக்கூடிய இடங்களையும் சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. துளை போட்டதும் மூளையையும் சூழ்ந்திருக்கும் முள்ளந்தண்டு நீர் கசிந்து காற்று உள்ளே போனால் மூளை ஓரிரு மில்லிமீற்றர் இடம் நகரும். குறித்த வழி தப்பிவிடும். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் முதலில் அடைப்பு, பிறகு திடீர்த் தள்ளல். சில பிளாஸ்டிக் பரப்புகளில் காவித் துகள்கள் ஒட்டிக்கொண்டுவிடும் என்பதால் இதற்கென்று குறித்த குழாயையும் சிரிஞ்சையுமே பயன்படுத்த வேண்டும். மருந்தை -65 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைநிலையில் வைத்திருக்க வேண்டும். உருகத் தொடங்கி 6 மணிநேரத்துக்குள் செலுத்தி முடிக்க வேண்டும். மறுபடி உறைய வைக்க முடியாது. ஆக, சத்திரசிகிச்சை அறையில் பிள்ளைக்கு ஏதாவது தாமதமானால் மருந்தே பாழ். மூளைக்குள் இரத்தக் கசிவு, காயத்தில் நீர் கசிவு, கிருமித் தொற்று ஆகியவை எந்த மூளைச் சத்திரசிகிச்சைக்கும் உள்ள அபாயங்கள். முடிந்த உடனே ஸ்கேன் எடுப்பது கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான். குறைந்தது 48 மணிநேரம் அந்த வைத்தியசாலைக்கு அருகிலேயே தங்க வேண்டும், 7ஆம் நாள் காயத்தையும் நரம்பு நிலையையும் பார்ப்பார்கள். வெளிநாடு போகும் குடும்பம் இதைவிட நெடுநாள் தங்கத் திட்டமிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். காரணத்தை அடுத்ததாகச் சொல்கிறேன்.

சிகிச்சைக்குச் சில வாரங்களுக்குப் பின் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கை, கால், வாய், நாக்கு எல்லாம் கட்டுப்பாடின்றி ஆடத் தொடங்கும். பார்க்கும் பெற்றோர் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பார்கள். உண்மையில் மரபணு வேலை செய்யத் தொடங்கிவிட்டதற்கான அடையாளம் அது. நரம்புக்கலங்களில் டோபமைனை உணரும் ஏற்பிகள், வருடக்கணக்கில் அது இல்லாமல் கிடந்ததால், மிகை உணர்திறனோடு இருக்கின்றன. சிறிதளவு டோபமைனுக்கே அளவுக்கு மீறி எதிர்வினை காட்டுகின்றன. மாதங்கள் செல்லச் செல்ல அடங்கும். அதுவரை முன்பு கொடுத்துவந்த டோபமைன் சார்ந்த மருந்துகளைக் குறைக்க வேண்டியிருக்கும், கடுமையாக இருந்தால் தற்காலிகமாக எதிர்மருந்தும் தேவைப்படும். தூக்கமின்மையும் எரிச்சலும் கூடவே வரலாம். இந்த நேரத்தில் பிள்ளையை ஊருக்குக் கொண்டுவந்து, விவரம் தெரியாத இடத்தில் வலிப்பு என்று மறுபடி மருந்து ஏற்றினால் சிக்கல். சிகிச்சை செய்த குழுவின் கடிதமும், எந்த நேரமும் பேசக்கூடிய தொலைபேசி எண்ணும் கையில் இருக்க வேண்டும்.

சரி, அந்தக் கை நாள ஊசி ஏன் ஆகாது? இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையில் ஒரு தடுப்பு இருக்கிறது. ஏஏவி 2ஆம் வகையை நாளத்தில் ஏற்றினால் அதில் பெரும்பகுதி ஈரலுக்குப் போகும், பியூட்டமெனுக்கு எதுவும் போய்ச் சேராது. நாளத்தில் ஏற்றும் உண்மையான மரபணு மருந்து ஒன்று உண்டு, அதைக் கேள்விப்பட்டுத்தான் உங்கள் உறவினரும் குழம்பியிருக்க வேண்டும். ஸொல்ஜென்ஸ்மா என்று பெயர். எஸ்எம்ஏ என்ற முள்ளந்தண்டுத் தசை நலிவு நோய்க்கானது, 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதில் இருப்பது 9ஆம் வகை ஏஏவி. அது சிறு குழந்தைகளில் ஓரளவு தடுப்பைக் கடக்கும். அப்படியும் கொடுக்க வேண்டிய அளவைப் பாருங்கள். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 11 கோடி கோடி துகள்கள், அதாவது உங்கள் பிள்ளையின் மூளைக்கு வேண்டியதைப்போல் 6,000 மடங்குக்கு மேல். அவ்வளவும் ஈரலைத் தாண்டிப் போவதால் ஏற்றுவதற்கு முந்திய நாளிலிருந்தே பிரெட்னிசோலோன் கொடுத்து, வாராவாரம் ஈரல் பரிசோதனை செய்ய வேண்டும். 2022இல் அந்த மருந்துக்குப் பின் ஈரல் செயலிழந்து இரு குழந்தைகள் இறந்ததாக நிறுவனமே அறிவித்தது. நோய் வேறு, மரபணு வேறு, வகை வேறு. உங்கள் பிள்ளைக்கு அது பொருந்தாது.

முன்பு சொன்ன பெரிய காரணம் இங்கேதான் வருகிறது. ஏஏவி ஒருமுறை உடம்புக்குள் அதிக அளவில் போனதும் உடம்பு அதற்கு எதிராகப் பிறபொருளெதிரிகளை உண்டாக்கும். அவை வருடக்கணக்கில் நிற்கும். சிகிச்சைக்கு முன் அவற்றின் அளவைப் பார்க்கிறார்கள், அதிகமாக இருந்தால் மறுக்கக்கூடும். ஒரு போத்தலில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நாளத்தில் ஏற்றிவிட்டால், நாளைக்கு உண்மையான சிகிச்சைக்கு இடம் கிடைக்கும்போது கதவு பூட்டியிருக்கலாம். மரபணுச் சிகிச்சை பொதுவாக ஒருமுறைதான். அந்த ஒருமுறையைத் தவறான இடத்தில் செலவழிக்கக்கூடாது. போத்தலில் உப்பு நீர் மட்டும் இருந்தாலும் பணம் போகும். அதுதான் அங்கே நடக்கக்கூடிய நல்ல முடிவு என்று நினைத்துப் பாருங்கள்.

உண்மையான ஆய்வா, வியாபாரமா என்று பிரித்தறிய வழி உண்டு. பதிவான ஆய்வுக்கு என்சிடி என்று தொடங்கும் 8 இலக்க எண் அல்லது இந்தியப் பதிவேட்டின் எண் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி உங்கள் டொக்டரிடம் கொடுங்கள், பதிவில் இதே நோயின் பெயர் இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். எண் இருந்தால் மட்டும் நம்பிவிடவும் கூடாது. ஆய்வு மருந்துக்கே பணம் கேட்டால் விலகுங்கள். காவியின் வகை என்ன, எந்த மரபணு, எத்தனை துகள், எந்த இடத்தில் செலுத்துகிறார்கள் என்று நான்கு கேள்வி கேளுங்கள். நேரடியான பதில் வராவிட்டால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

நடப்பாளா என்ற கேள்விக்கு வாக்குக் கொடுக்க முடியாது. 2010இல் தாய்வானில் இந்தச் சிகிச்சை பெற்ற முதற் பிள்ளைகள் கழுத்துகூட நிற்காத நிலையில் இருந்தவர்கள். அவர்களிலும் பின்னர் வந்தவர்களிலும் பலருக்குக் கழுத்து நின்றது, உட்கார முடிந்தது, சிலர் பிடித்துக்கொண்டோ பிடிக்காமலோ நடந்தார்கள். கண் செருகும் முறுக்கல் குறைந்தது, எடை ஏறியது. விசேட பெட் ஸ்கேனில் பியூட்டமெனில் நொதியம் வேலை செய்வது 5 ஆண்டுகளுக்குப் பிறகும் தெரிந்தது. நரம்புக்கலங்கள் பிரிந்து பெருகுவதில்லை என்பதால் கொடுத்த மரபணு கரைந்து போவதில்லை. வயது குறைவாக இருக்கும்போது செய்தவர்களுக்குப் பலன் கூடுதலாகக் கிடைத்தது. முன்னேற்றம் வாரங்களில் அல்ல, வருடங்களில் வரும். டோபமைன் கிடைத்த பிறகு உட்காரவும் நிற்கவும் மூளை புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது, அதனால் பிசியோதெரபி தொடர வேண்டும். பியூட்டமென் அல்லாத இடங்களில் குறை அப்படியே இருக்கும். செரோட்டோனின் குறைவால் வரும் தூக்கக் கோளாறு, வியர்வை, மனநிலை மாற்றம் ஆகியவை ஓரளவு மிஞ்சலாம்.

இந்த மருந்துக்கு ஐரோப்பாவில் 2022 ஜூலையிலும் அமெரிக்காவில் 2024 நவம்பரிலும் அனுமதி கிடைத்தது. ஐரோப்பாவில் அப்ஸ்டாசா, அமெரிக்காவில் கெபிலிடி என்று பெயர். தயாரிப்பது பிடிசி தெரப்யூட்டிக்ஸ். இலங்கையில் இன்று இது நடப்பதில்லை. பிரித்தானியாவில் பட்டியல் விலை ஏறத்தாழ 30 இலட்சம் பவுண். எந்தத் தோட்டத்துக் குடும்பமும், நகரத்துக் குடும்பமும்கூட, கைக்காசில் வாங்கக்கூடிய விலை அல்ல இது. நம் பிள்ளைகள் இப்படி விலையால் வெளியே நிற்பது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் விலையைக் கேட்டுக் கையை விரித்துவிடவும் வேண்டாம். உங்கள் சிறுவர் நரம்பியல் நிபுணரிடம் மூன்று கடிதங்கள் எழுதச் சொல்லுங்கள்: இந்தச் சிகிச்சை நடக்கும் வெளிநாட்டு நிலையம் ஒன்றுக்கு, மருந்து நிறுவனத்துக்கு, பிரித்தானியாவில் இயங்கும் ஏஏடிசி ரிசர்ச் ட்ரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு. நிறுவனங்கள் பெற்றோரின் கடிதத்தைவிட வைத்தியரின் கடிதத்துக்கே பதில் கொடுக்கும். உறுதிப்படுத்திய அறிக்கைகள் கூட இருக்க வேண்டும். பயணச் செலவு போன்றவற்றுக்குப் பிரதேச செயலகம் ஊடாக ஜனாதிபதி நிதியத்தை அணுகிப் பாருங்கள்.

பதில் வர மாதங்கள் ஆகும். அதுவரை பிள்ளை தெம்பாக இருக்க வேண்டும். எடை குறைந்து, நெஞ்சுச் சளியோடு இருக்கும் பிள்ளைக்கு யாரும் மூளைச் சத்திரசிகிச்சை செய்ய மாட்டார்கள்.

மருந்து இருக்கிறது. விற்றமின் பி6, டோபமைன் போலச் செயற்படும் மாத்திரைகள் அல்லது தோலில் ஒட்டும் பட்டைகள், டோபமைன் சிதைவதைத் தடுக்கும் மருந்துகள் ஆகிய மூன்று வகையையும் ஒன்றன்பின் ஒன்றாக, மிகச் சிறிய அளவில் தொடங்கிப் பார்ப்பார்கள். கடுமையான பிள்ளைகளில் பலன் பெரிதாக இராது, ஆனால் முறுக்கல் நேரம் குறைந்தாலே இலாபம். பி6தானே என்று பார்மசியில் கூட்டி வாங்கிக் கொடுக்காதீர்கள், அளவு மீறினால் கை கால் நரம்புகளைக் கெடுக்கும். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தவும் வேண்டாம். நிபுணர் சொல்லும் வரிசையில் படிப்படியாகக் குறையுங்கள்.

வாந்தி என்று தோட்ட டிஸ்பென்சரிக்கோ வேறெங்கோ போனால் மெட்டோகுளோப்ரமைட், அதாவது மெக்சலோன், புரொகுளோர்பெரசின் இரண்டையும் கொடுக்கவே கூடாது. அவை இருக்கும் கொஞ்ச டோபமைனையும் தடுத்து, முறுக்கலைக் கிளப்பிவிடும். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் இதை எழுதி வைக்கச் சொல்லுங்கள். அதே பக்கத்தில் இன்னொரு வரி: சாப்பாடு தவறினால் சீனி இறங்கும். இந்த நோயில் இரத்தச் சீனி திடீரென விழக்கூடும். பல் பிடுங்கவோ ஸ்கேன் எடுக்கவோ பட்டினி போட்டால் நாளத்தில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். பிள்ளை காலையில் எழும்ப மறுத்தாலோ, வழக்கத்துக்கு மீறிச் சோர்ந்தாலோ சீனியைப் பார்க்காமல் விடக்கூடாது.

உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஆற்றலும் இந்தப் பிள்ளைகளுக்குக் குறைவு. டிசம்பர், ஜனவரியில் நம் பக்கத்து விடியற்காலைக் குளிருக்கு அது முக்கியம். கம்பளி போர்த்தினால் மட்டும் போதாது, ஒரு வெப்பமானி வாங்கிப் பாருங்கள். அதேபோல அதிகமாகப் போர்த்தி அடுப்படிக்குப் பக்கத்தில் கிடத்தினால் உடம்பு சுட்டு, அதைக் காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுப்பதும் நடக்கும். விறகுப் புகை நெஞ்சுக்கும் கெடுதல். மூக்கடைப்பு இந்த நோயின் ஒரு பகுதியே. பால் குடிக்கும் முன் உப்பு நீர்ச் சொட்டு விட்டுத் துடைத்தால் குடிப்பது இலகுவாகும்.

முறுக்கல் வந்தால் மங்கிய வெளிச்சத்தில், சத்தமில்லாமல், ஒருக்களித்துக் கிடத்துங்கள். வாயில் எதையும் ஊட்ட வேண்டாம், புரைக்கேறினால் நெஞ்சுக்குள் போகும். நேரத்தைக் குறித்து, ஒருமுறையாவது கைத்தொலைபேசியில் முகமும் கையும் தெரிய வீடியோ எடுத்து வையுங்கள். இரவில் டிக்கோயா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் கடமையிலிருக்கும் டொக்டருக்கு அந்த அரை நிமிட வீடியோவும் கொப்பியின் முதல் பக்கமும் நீளமான விளக்கத்தைவிட உதவும். மூச்சு விடச் சிரமம், உதடு நீலம், சீனி இறக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். தடுப்பூசிகளை நிறுத்த வேண்டாம். விழுங்கும்போது அடிக்கடி இருமினால் மூக்குக் குழாய் வழி உணவு பற்றிக் கேளுங்கள். அண்ணி அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எடை ஏறினால்தான் சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேசவே முடியும்.

அடுத்த பிள்ளை. அண்ணன், அண்ணி இருவரும் ஒரு பழுதான பிரதியோடு ஒரு நல்ல பிரதியும் உள்ளவர்கள். அதனால்தான் இருவருக்கும் நோய் இல்லை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூவருக்கும் வராது என்று கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு முறையும் அதே நான்கில் ஒன்றுதான். சாபமோ, யாரோ ஒருவர் பக்கத்துக் குறையோ இதில் இல்லை. இருவரிடமிருந்தும் சமமாகவே வந்திருக்கிறது. வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளில் தளர்வோ கண் செருகலோ உள்ளவரை மட்டும் இப்போது பரிசோதியுங்கள், நலமாக இருப்பவர்களுக்கு அவசரமில்லை. அவர்கள் பெரியவர்களாகி, அதிலும் சொந்தத்துக்குள் திருமணம் பேசும்போது, தங்களிடம் ஒரு பழுதான பிரதி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையைச் செய்துகொள்ளட்டும். உங்களுக்கும் அது பொருந்தும்.

குடும்பத்தின் மரபணு மாற்றம் உறுதியானால் கர்ப்ப காலத்திலேயே சிசுவைப் பரிசோதிக்க முடியும். ஆனால் இலங்கைச் சட்டம் தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டே அந்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதை விரும்பாவிட்டால் பிள்ளை பிறந்த முதல் வாரத்திலேயே மரபணுவையும் வடிதாள் இரத்தத் துளியையும் பாருங்கள். கர்ப்பம் பதிவு செய்யும் நாளிலேயே தோட்டத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் இந்த நோயின் பெயரை எழுத்தில் கொடுத்துவிடுங்கள், பிரசவ வைத்தியசாலைக்கான கடிதத்தில் அதைச் சேர்க்க அவருக்கு நேரம் இருக்கும்.